கழட்டின வீடு

மற்ற ஊர்களில் இடிந்த வீடு என்றால் இடிந்த வீடுதான். எங்கள் தீவுப்பகுதியில் மட்டும் அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று உடைஞ்ச வீடு, மற்றது கழட்டின வீடு. உடைஞ்ச வீட்டுக்குள் அதன் கல்லும் ஓடும் மரமும் குவிந்து கிடக்கும். கழட்டின வீட்டுக்குள் ஒன்றும் கிடக்காது. ஓடு போயிருக்கும், கூரைத் தீராந்தியும் சிலாகையும் போயிருக்கும், யன்னல்கள் நிலையோடு போயிருக்கும். விழுந்த கல்லைக்கூட யாரோ மினக்கெட்டுப் பொறுக்கித் தங்கள் அத்திவாரத்துக்குப் போட்டிருப்பார்கள். சுவர் மட்டும் நிற்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் இங்கே ஒருவரும் வளர்வதில்லை. ஜெனீற்றாவும் அப்படி வளர்ந்தவள்தான். அதனால்தான் அவளுக்கு வந்த முதலாவது ஓடர் பிழையாய்ப் போனது.

ஜெனீற்றா ஊர்காவற்றுறையில் மாதா கோயிலுக்குப் பின்னால், கடற்கரைக்குப் போகிற ஒழுங்கையில் மூன்றாவது வீட்டு மருமகள். மாமனார் மரியநாயகம், மாமியார் கத்தரீனா, புருசன் றெக்ஷன், அவள் என்று நாலு பேர் வீடு. கலியாணத்துக்கு முந்தி ஒரு வீட்டுத்திட்ட அலுவலகத்தில் படம் கீறுகிற வேலை பார்த்தவள். திட்டம் முடிய வேலையும் முடிந்தது. கை மட்டும் சும்மா இருக்க மறுத்தது. மட்டையில் சின்னச் சின்ன வீடு செய்து படம் எடுத்துப் போட்டாள். நோர்வேயிலிருந்து அவளுடைய சித்தியின் மகன் ஷாருஜன் அதைக் கண்டான்.

ஷாருஜனும் கூட்டாளிகளும் சனிக்கிழமைகளில் ஒரு மண்டபத்தில் கூடி, பெருவிரல் உயரப் பொம்மைச் சிப்பாய்களைப் பெரிய மேசையில் நகர்த்தி, தாயக்கட்டை உருட்டிச் சண்டை பிடிக்கிறவர்கள். சின்னப்பிள்ளைகள் இல்லை, தலை நரைத்தவர்களும் அதில் உண்டு. அந்தச் சிப்பாய்கள் ஓடி ஒளிக்க இடிந்த கட்டடங்கள் வேண்டும். முழுக் கட்டடம் உதவாதாம், அதற்குள் விரல் விட்டுச் சிப்பாயை நகர்த்த ஏலாது. "இடிஞ்ச கட்டடத்துக்கு எங்கட பகுதியில பஞ்சமே?" என்று ஜெனீற்றா கொடுப்புக்குள் சிரித்துக்கொண்டு, இரண்டு மாடிக் கூட்டுறவுச் சங்கக்கடை ஒன்றைச் செய்து அனுப்பினாள். போய்ச் சேர்ந்த அன்றே தொலைபேசி அடித்தது.

"அக்கா, வேலை திறம். ஆனால் குண்டு விழுந்த கட்டடத்துக்குள்ள ஒரு கல்லையும் காணேல்லையே?"

"ஆக்கள் எடுத்திருப்பினம்தானே."

"ஆர் ஆக்கள்?"

"சனம்."

"அக்கா, சண்டை இப்பதான் நடக்குது. கட்டடம் காலமைதான் இடிஞ்சது. அதுக்கிடையில ஆர் வந்து கூட்டித் துடைச்சது? கதவு உடைஞ்சு தொங்கவேணும், யன்னல் நிலை எரிஞ்சு நிக்கவேணும். என்ர பெடியள் ஒளிக்க ஒரு கல் இல்லாமல் வெளியில நிண்டு சாகிறாங்கள். இன்னொண்டு சொல்லட்டே? மீன் மணக்குது."

மீன் மணந்ததற்குக் காரணம் இருந்தது. நண்டுக் கொம்பனிக்காரர் ஐஸ் போட்டுக் கொண்டுவருகிற, பஞ்சுபோல லேசான வெள்ளை ரெஜிபோம் பெட்டிகள் உடைந்தால் கரையில் எறிவார்கள். ஜெனீற்றாவின் சுவர்கள் எல்லாம் அந்தப் பெட்டிகள்தான். பிறகு அவள் பெட்டிகளைத் தேசிக்காய் பிழிந்த தண்ணீரில் ஊறவைத்துக் கழுவப் பழகினாள். கற்குவியல் போடவும் பழகினாள். கட்டுக்கம்பியைத் துண்டு துண்டாய் வெட்டிக் கடல் தண்ணீரில் மூன்று நாள் போட்டால் கறள் பிடிக்கும். அதைத் தூணிலும் மாடித் தட்டிலும் செருகிவிட்டால், கொங்கிறீற் பிய்ந்து கம்பி தெரிகிற கட்டடம் வந்துவிடும். மண்ணுக்குக் கரை மணலை மாவரியில் அரிப்பாள். ஒரு அடி வீடு அவளுடைய மேசையில் ஐந்தரை மில்லிமீற்றர். தபாற்கந்தோர், வங்கி, தண்ணீர்த்தாங்கி, பஸ் நிலையம் என்று ஒரு பட்டினத்தையே இடித்து இடித்து அனுப்பினாள். மூன்று தேசத்தில் இருந்து ஓடர் வந்தது.

கத்தரீனாவுக்குத்தான் அது பிடிபடவில்லை.

"ஊரெல்லாம் வீடு கட்டுதுகள். என்ர மருமகள் இடிக்கிறாள். பிள்ளை, இதைப் பார்க்கிற சனம் என்ன சொல்லும்?"

"மாமி, முதல்ல முழுசாக் கட்டிப்போட்டுத்தான் இடிக்கிறனான். ரண்டு வேலை."

"அப்ப முதல் வேலையோட நிப்பாட்டுமன்."

முன்அறைதான் ஜெனீற்றாவின் பட்டறை. சோளகக் காற்றுப் பிறந்துவிட்டால் யன்னலையும் கதவையும் சாத்தித்தான் ரெஜிபோம் வெட்டவேண்டும். இல்லாவிட்டால் வெள்ளைக் குருணி முற்றமெல்லாம் பறந்து கோழிகள் தின்னத் தொடங்கிவிடும், கத்தரீனாவும் தொடங்கிவிடுவாள். அந்த அறைக் கதவு இரட்டைக் கதவு. பச்சைப் பெயின்ற் ஆறு பூச்சுக்குமேல் ஏறியிருந்தது. கதவுக்கு ஒன்றாய் இரண்டு பறவைகள் ஒன்றையொன்று பார்த்தபடி செதுக்கியிருக்கும். றெக்ஷன் சின்ன வயதில் அதைத் தாரா, அதுதான் வாத்து, என்று சொன்னதில் இருந்து வீட்டில் அதற்குத் தாராக் கதவு என்று பெயர். ஒட்டின மட்டை நிமிராமல் இருக்க மேலே பாரம் வைக்க வேண்டும். அதற்கு ஜெனீற்றா ஒரு பழைய பித்தளைப் பூட்டை வைத்திருந்தாள். கொளுவுகிற வளையம் அரிந்த பூட்டு. மாமனாரின் தூண்டில் பெட்டிக்குள் கிடந்தது, நல்ல பாரம், கேட்காமலே எடுத்துக்கொண்டாள். அந்த வீட்டில் அப்படி எத்தனையோ சாமான்கள் கேட்காமலே எடுத்துப் பழகிப்போனவை.

ஆனி மாதம் ஒரு செய்தி வந்தது. அனுப்பினவர் தேனுஜன், நோர்வேயில் ஷாருஜனோடு சேர்ந்து விளையாடுகிறவர். தாய்வழிப் பூர்வீகம் புளியங்கூடல். அங்கே தாயின் சீதன வீடு இருக்கிறது, எழுபத்தெட்டில் கட்டின, கொங்கிறீற் போட்டிக்கோ வைத்த புதுமாதிரி வீடு. இப்போது இடிந்து கிடக்கிறது. அதை உள்ளபடி செய்து தரமுடியுமா? தன்னுடைய மேசையின் நடுவில் வைக்கவேண்டும். ஊருக்கு வருகிறபோது தானே வந்து எடுத்துப்போகிறார்.

உள்ளபடி என்ற சொல் ஜெனீற்றாவுக்குப் பிடித்துவிட்டது. இவ்வளவு நாளும் இல்லாத கட்டடங்களை இடித்தவளுக்கு இப்போதுதான் ஒரு உள்ள வீடு கிடைத்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை றெக்ஷன் வலை கழித்து நண்டைக் கொடுத்துவிட்டு வந்ததும், மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகச் சொன்னாள். அங்கே அவன் அளவுநாடாவின் ஒரு தலையைப் பிடித்தான், அவள் மற்றத் தலையைப் பிடித்தாள். போட்டிக்கோ ஒரு பக்கம் சரிந்து கம்பியில் தொங்கியது. உள்ளே ஆடு படுத்த புழுக்கையும் எருக்கலையும்தான். ஒரு கல் இல்லை.

"இது கழட்டின வீடு" என்றான் றெக்ஷன், மழைவெள்ளத்தின் மட்டம் சொல்கிற மாதிரி.

"ஓம். இந்த முறை கல்லுப் போடமாட்டன். உள்ளபடி."

வாசல் வெளியை அளந்தாள். ஏழடி உயரம், நாலடி அகலம்.

புதன்கிழமை காலை தேனுஜனிடமிருந்து இரண்டு செய்தி வந்தன. முதலாவது அவருடையது. "ஒரேயொரு மாற்றம். முன்கதவு போட்டுவிடுங்கோ. பாதி திறந்தபடி. அப்பதான் சிப்பாய்கள் உள்ள போகலாம். கதவின் படம் அனுப்புறன். சனிக்கிழமை வந்து எடுக்கிறன்." படத்தில் ஒரு கலியாண மாப்பிள்ளையும் பொம்பிளையும் புதுவீட்டு வாசலில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் பொலிஷ் மினுங்குகிற இரட்டைக் கதவு.

இரண்டாவது குரல் செய்தி. வயதான பெண்குரல், மூச்சுவாங்கினாலும் உறுதியான குரல்.

"பிள்ளை, நான் தேனுஜன்ர அம்மா, சறோஜினிதேவி. அவன் பாதி திறந்து வைக்கச் சொல்லியிருப்பான். வையாதையும். நான் பூட்டிப்போட்டுத்தான் வெளிக்கிட்டனான். தொண்ணூறில சண்டை வந்து ஊர் வெளிக்கிட்ட அண்டைக்கு இவர் பிள்ளையளைக் கொண்டு முன்னுக்குப் போயிட்டார். நான்தான் கடைசி. நாதாங்கி போட்டு, பூட்டை இழுத்தும் பார்த்தனான். பூட்டுத் திறப்பு வள்ளத்தில துலைஞ்சிட்டுது, அது என்ர பிழை. அதுக்காக இவர் முப்பத்தஞ்சு வருசமா, நீ திறந்துவிட்டிட்டு ஓடினபடியால்தான் வீடு போச்சு எண்டு வாறவன் போறவனுக்கெல்லாம் சொல்லுறார். பிள்ளையளும் நம்பீட்டுதுகள். இனி அந்தப் பொம்மை வீட்டிலயும் கதவைத் திறந்து வைச்சு, அதை என்ர வீட்டு நடுவில வைச்சு, நான் சாகுமட்டும் பார்க்கோணுமே? பூட்டி வையும் பிள்ளை. என்ர அம்மாளாச்சியறிய நான் பூட்டினனான்."

ஜெனீற்றா அதை இரண்டு தரம் கேட்டாள். பிறகு படத்தைப் பெருப்பித்துப் பார்த்தாள். கதவில் இரண்டு அன்னங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. இடப்பக்க அன்னத்தின் சொண்டு நுனி உடைந்திருந்தது.

தலையை நிமிர்த்தினாள். எதிரே தாராக் கதவு சாத்திக் கிடந்தது. எழும்பிப் போய் இடப்பக்கத் தாராவின் மூஞ்சியைத் தடவினாள். பெயின்ற் தடிப்புக்கு அடியில் நுனி இல்லை. அளவுநாடாவைப் பிடித்தாள். அகலம் சரியாய் நாலடி. உயரம் ஏழுக்கு ஐந்து அங்குலம் குறைவு. குனிந்து அடியைப் பார்த்தாள், வாளால் அரிந்த தடம் அப்படியே இருந்தது. மூன்று வருடமாய் அந்தக் கதவைச் சாத்திச் சாத்தி உலகத்தின் இடிந்த வீடெல்லாம் செய்தவள், கழட்டின சாமானுக்குள் இருந்துகொண்டுதான் செய்திருக்கிறாள்.

மத்தியானம் விளமீன் சொதியும் நண்டுப் பிரட்டலும். மரியநாயகம் கதிரையில் இருந்து சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தார். எழுபத்திரண்டு வயதிலும் பல்லால் நண்டுக்கால் உடைக்கிற மனிதர், கடற்றொழில் சங்கத் தலைவர். போன மாதம்தான் பக்கத்து வளவு மிரோஜன் இன்னொருவனின் வலையைத் தூக்கினான் என்று, "அடுத்தவன்ர சாமானில கைவைக்கிறவனுக்கு இந்தக் கரையில இடமில்லை" என்று முழங்கி அவனைச் சங்கத்தில் இருந்து நிற்பாட்டியவர்.

"மாமா, தாராக் கதவு எங்க வாங்கினது?"

"வாங்கேல்லை."

"அப்ப?"

"கழட்டினது." சொதியை விட்டுக் குழைத்தார். "ஏன், கறையான் பிடிச்சிட்டுதோ?"

ஜெனீற்றா குரல் செய்தியைப் போட்டாள். சறோஜினிதேவி அந்தக் குசினிக்குள் முழுக்கக் கதைத்து முடித்தாள். மரியநாயகத்தின் கை கோப்பையில் நின்றுவிட்டது. கத்தரீனா அகப்பையோடு சுவரில் சாய்ந்தாள்.

மரியநாயகம் சொன்னார். "தொண்ணூற்றாறு. மாரி. நாங்கள் திரும்பி வரேக்க எங்கட வீட்டையும் கழட்டித்தான் விட்டிருந்தவங்கள். மேல தறப்பாள். வாசலுக்குச் சாக்கு. இவன் றெக்ஷனுக்கு ஆறு வயது, நெருப்புக் காய்ச்சல். வாடைக் காத்து சாக்கைப் பிய்ச்சுக்கொண்டு இவன்ர மேலில அடிக்குது. புளியங்கூடலுக்கு விறகு எடுக்கப் போனனான் எண்டு சொன்னால் பொய். கதவு எடுக்கத்தான் போனனான்."

"அந்த வீட்டுக்கோ?"

"அந்த வீட்டில ஓடு இல்லை, யன்னல் இல்லை. முன்கதவு மட்டும் நாதாங்கி போட்டு, பித்தளைப் பூட்டுப் போட்டபடி நிக்குது. சுத்திவர வெளி, நடுவில பூட்டின கதவு. ஏன் இதை மட்டும் ஒருத்தனும் தொடேல்லை எண்டு கன நேரம் நிண்டு யோசிச்சனான். பூட்டிக் கிடந்தபடியால்தான். யன்னல் கழட்டினவனுக்கும் பூட்டின கதவில கைவைக்க மனம் வரேல்லைப் போல."

"உங்களுக்கு வந்ததோ?"

"மழை பெய்துகொண்டிருந்தது பிள்ளை."

றெக்ஷன் கை கழுவாமல் இருந்தான். மரியநாயகத்துக்குத் தன்னுடைய நியாயம் ஞாபகம் வந்துவிட்டது. நெஞ்சை நிமிர்த்தினார்.

"பூட்டை உடைச்சால் களவு. நான் உடைக்கேல்லை. யன்னல் வெளியால ஏறி உள்ள குதிச்சு, உள்பக்கம் நிண்டு கதவுப் பிணைச்சலைக் கழட்டினனான். ரண்டு கதவும் பூட்டோட ஒண்டாய்க் கையில வந்திது. சைக்கிளில குறுக்க கட்டி உருட்டிக்கொண்டு வந்தனான்."

"வந்து பூட்டை வாளால அரிஞ்சவர்" என்றாள் கத்தரீனா. "அதுவும் களவில்லையாம்."

"நீ சும்மா இரப்பா."

"நான் இவ்வளவு காலமும் சும்மாதானே இருந்தனான். அந்தக் கதவு வந்த பிறகுதான் இவன்ர காய்ச்சல் விட்டது. நான் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினனான். அந்த மனிசிக்கு ஒண்டும் கொளுத்தேல்லை." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைக் கிளறினாள். அடுப்பில் நெருப்பே இருக்கவில்லை.

ஜெனீற்றா எழும்பிப்போய், முன்அறையிலிருந்து பித்தளைப் பூட்டைக் கொண்டுவந்து சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். "இதுதானே மாமா?"

அவர் அதைத் தொடவில்லை. "எங்க கிடந்தது?"

"மூண்டு வருசமா என்ர மட்டைக்கு மேல."

"சனிக்கிழமை அந்தாள் இஞ்ச வரப்போகுது" என்றான் றெக்ஷன். "கதவுக்கு முன்னால ஒரு சேலையைத் தொங்கவிடுவம். வந்து எடுத்துக்கொண்டு போகட்டும். ஆருக்குத் தெரியப்போகுது?"

"கதவை மறைக்கலாம். நான் செய்யிற கதவை என்ன செய்யிறது? திறந்து ஒட்டுறதோ, பூட்டி ஒட்டுறதோ?" அவள் மாமனாரைத்தான் பார்த்தாள். "பூட்டி ஒட்டினால், உங்களுக்கெப்பிடித் தெரியும் எண்டு அவை கேப்பினம். திறந்து ஒட்டினால் அது பொய். உள்ளபடி செய்து தாறன் எண்டு சொன்னனான் மாமா. நீங்கள் சொல்லாமல் நான் ஒட்டமாட்டன்."

மரியநாயகம் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினார். நண்டு மிஞ்சிப் போனதை அந்த வீடு முதன்முதல் கண்டது.

வியாழனும் வெள்ளியும் சோளகம் விசிறி அடித்தது. தொழிலுக்குப் போக ஏலாத காற்று. ஜெனீற்றா கதவைச் சாத்திக்கொண்டு வீட்டை முடித்தாள். சரிந்த போட்டிக்கோவைக் கறள் கம்பியில் தொங்கவிட்டாள். சீமெந்துத் தரையில் சிவப்புப் பூச்சின் மிச்சத்தைத் தீக்குச்சி முனையால் தொட்டுத் தொட்டு வைத்தாள். உள்ளே ஒரு கல்லும் போடவில்லை. ஐஸ்கிறீம் குச்சியை உரஞ்சி, முப்பத்தெட்டு மில்லிமீற்றர் உயரத்தில் இரண்டு கதவு வெட்டி, ஊசியால் அன்னங்களைக் கீறினாள். இடப்பக்கத்துச் சொண்டை நகத்தால் கிள்ளிவிட்டாள். அவள் செய்ததில் அவளுக்கே பிடித்த வேலை அதுதான், செருக்கோடு சொல்லுவாள். இரண்டு கதவையும் வாசலுக்கு முன்னால் ஒட்டாமல் படுக்கவைத்தாள்.

மரியநாயகம் அந்த இரண்டு நாளும் ஆறேழு தரம் அறைக்கு வந்தார். ஒரு தரம் கண்ணாடி தேடி, ஒரு தரம் தூண்டில் தேடி. வருகிறபோதெல்லாம் அந்தச் சின்ன வாசலைப் பார்த்தார். வெள்ளி பின்னேரம் குனிந்து, பக்கச் சுவரில் இருந்த யன்னல் வெளியை விரலால் காட்டினார்.

"இதாலதான் ஏறினனான். இவ்வளவு கீழ இல்லை, இன்னும் கொஞ்சம் உயரம்."

"நான் அளந்தனான் மாமா. நாலடி."

"எனக்கு அப்ப உயரமாத் தெரிஞ்சது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை றெக்ஷன் தாயின் பழைய நூல்சேலையை மடித்துத் தாராக் கதவுக்கு முன்னால் கட்டினான். மரியநாயகம் சவரம் எடுத்து, கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். வந்தவர் சேலையை ஒரே இழுவையில் இழுத்துக் கத்தரீனாவிடம் எறிந்தார்.

"நீ உடுக்கிறதை ஏன் கதவுக்கு உடுத்தி வைச்சிருக்கு?"

பின்னேரம் நாலு மணிக்கு ஓட்டோ வந்தது. தேனுஜன் நாற்பது கடந்த மனிதர், மெலிவு, வெயிலுக்குச் சிவந்து போயிருந்தார். தாராக் கதவைத் தாண்டித்தான் அறைக்குள் வந்தார். ஒன்றும் தெரியவில்லை அவருக்கு. பச்சைப் பெயின்ற்றுக்குள் தன் தாயின் வாசல் நிற்கிறது என்று யார்தான் நினைப்பார்கள். மேசையில் இருந்த வீட்டைக் கண்டதும் குந்தி, கண்ணை அதன் மட்டத்துக்குக் கொண்டுவந்து, கன நேரம் பார்த்தார்.

"காலமை போய்ப் பார்த்திட்டு வந்தனான் தங்கச்சி. இது அதுதான். ஆட்டுப் புழுக்கைகூடக் கிடக்கு."

"கடுகு, அண்ணை."

"கதவு?"

"இன்னும் ஒட்டேல்லை."

தேனுஜன் சிரித்துத் தலையைச் சொறிந்தார். "அதால வீட்டில ரண்டு கிழமையாப் பெரிய சண்டை. எங்கட மேசையில நடக்கிறதெல்லாம் அதுக்குக் கிட்டவும் வராது. அம்மா பூட்டினனான் எண்டுறா, அப்பா திறந்து கிடந்தது எண்டுறார். அம்மாவுக்கு மறதி, பாவம். திறந்து ஒட்டுங்கோ, விளையாட்டுக்கும் அதுதான் வசதி. பொறுங்கோ, அவவுக்கு வீட்டைக் காட்டுவம்."

கைபேசியில் தாயை எடுத்தார். வெள்ளைத் தலைமுடி, பெரிய பொட்டு, கண்ணாடி. நோர்வேயில் அப்போது மத்தியானம். அவர் கைபேசியை வீட்டைச் சுற்றிக் காட்ட, "உது சாமியறை… உது எங்கட அறை… ஐயோ, போட்டிக்கோவைப் பார்" என்று சொல்லிக்கொண்டு வந்தவள், வாசலுக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"கதவு எங்க பிள்ளை?"

மரியநாயகம் முன்னால் வந்து, "தம்பி, உதை இஞ்ச தாரும்" என்று கைபேசியை வாங்கினார். அதை எப்படிப் பிடிக்கிறது என்று தெரியாமல் தட்டம் மாதிரி இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தார்.

"அம்மா, நான் ஊர்காவற்றுறை மரியநாயகம், இந்தப் பிள்ளையின்ர மாமன். உங்கட கதவு பூட்டித்தான் கிடந்தது."

"என்ன சொல்லுறியள்?"

"பூட்டித்தான் கிடந்தது. பித்தளைப் பூட்டு. நாதாங்கி போட்டு, நல்லா இழுத்துப் பூட்டியிருந்தியள்."

"உங்களுக்கெப்பிடித் தெரியும்?"

"நான்தான் கழட்டினனான்." ஒரு தரம் தொண்டையைச் செருமினார். முப்பது வருடமாய் வாயில் வைத்திருந்த சொல் அன்றைக்கு உதவாது என்று அவருக்கே தெரிந்துவிட்டது. "களவெடுத்தனான் அம்மா. ஓடும் யன்னலும் நானில்லை. கதவு நான்தான். தொண்ணூற்றாறாம் ஆண்டு மாரி. ஆறு வருசம் அந்தப் பூட்டு நிண்டிருக்கு. இந்தா உங்கட மகனுக்குப் பின்னால நிக்கிறது உங்கட கதவு."

தேனுஜன் திரும்பிப் பார்த்தார். ஜெனீற்றா அவருடைய கையைப் பிடித்து, பச்சைப் பெயின்ற்றில் இடப்பக்க அன்னத்தின் சொண்டில் வைத்தாள். பித்தளைப் பூட்டை மற்றக் கையில் கொடுத்தாள்.

மரியநாயகம் திட்டு வாங்க ஆயத்தமாய்த் தலையைக் குனிந்தபடி நின்றார். பிறகு சறோஜினிதேவியின் குரல் வந்தது. ஆனால் அது அவரை நோக்கி வரவில்லை.

"இஞ்சாருங்கோ! இஞ்சாருங்கோ, உந்த ரீவியை நிப்பாட்டிப்போட்டு இஞ்ச வாங்கோ! ஒராள் கதைக்குது, கேளுங்கோ." பிறகு அவரைப் பார்த்து, "அண்ணை, இன்னொருக்காச் சொல்லுங்கோ."

"கதவு பூட்டித்தான் கிடந்தது. நான்தான் களவெடுத்தனான்."

"உரத்துச் சொல்லுங்கோ அண்ணை, இவருக்குக் காது மந்தம்."

"கதவு பூட்டிக் கிடந்தது! நான் களவெடுத்தனான்!"

"இன்னும் உரத்து!"

கடலில் வள்ளத்துக்கு வள்ளம் கூப்பிட்ட குரல் அது. மரியநாயகம் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

"கதவு பூட்டித்தான் கிடந்ததையா! உங்கட மனிசி பூட்டிப்போட்டுத்தான் வந்தவ! நான்தான், மரியநாயகம்தான், யன்னலால ஏறி உள்ள குதிச்சுக் களவெடுத்தனான்!"

ஒழுங்கை முழுக்கக் கேட்டது. கிணற்றடியில் வாளிச் சத்தம் நின்றது. பக்கத்து வளவில் பூவரசுக்குக் கீழே வலை பொத்திக்கொண்டிருந்த மிரோஜன் எழும்பி வேலிக்கு மேலால் தலையை நீட்டினான். மரியநாயகம் அவனை யன்னலால் கண்டார். முகம் இருண்டது, பிறகு தெளிந்தது.

"என்னடா பார்க்கிறாய்? கேட்டது சரிதான். திங்கக்கிழமை சங்கத்துக்கு வா, உன்ர அலுவலையும் என்ர அலுவலையும் சேர்த்துக் கதைப்பம்."

கைபேசிக்குள் ஒரு கிழவர் இருமினார். "கேட்டது" என்றார். கொஞ்சம் கழித்து, வேறு குரலில், "அப்ப நீ பூட்டித்தான் போட்டிருக்கிறாய்" என்றார். சறோஜினிதேவி கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். கண்ணாடியைத்தான் துடைத்தாள், கண்ணை அப்படியே விட்டுவிட்டாள்.

"அம்மா, கதவை இண்டைக்கே கழட்டித் தாறன்" என்றார் மரியநாயகம், கைபேசியைப் பச்சைக் கதவுப் பக்கம் திருப்பி. "கழட்டினவனுக்குப் பூட்டவும் தெரியும். எங்க பூட்டவேணும் எண்டு சொல்லுங்கோ."

"எங்க பூட்டுறது? ஆட்டுக்கோ? அது உங்களோடயே நிக்கட்டும் அண்ணை, ஆனால் அந்தப் பச்சையைச் சுரண்டி எடுங்கோ, பார்க்கச் சகிக்கேல்லை. எனக்கு அந்தப் பூட்டு வேணும். தேனுஜன், பெட்டிக்குள்ள போடாதை, கையில கொண்டுவா. ரீவிக்கு மேல வைக்கப்போறன், இவர் பார்க்கிற பக்கமா."

கத்தரீனா அதற்குள் தேத்தண்ணி போட்டுவிட்டாள். தேனுஜன் அறைக்கு நடுவில் கதிரையில் இருந்து, ஒரு கையில் தேத்தண்ணியும் மற்றக் கையில் பூட்டுமாய், கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படவேண்டுமா என்று யோசிக்கிறவர் மாதிரி இருந்தது. கடைசியில் பலகாரத்தட்டில் இருந்து ஒரு பயத்தம் பணியாரத்தை எடுத்துக் கடித்தார்.

"இவ்வளவு காலமும் அம்மாவுக்கு மறதி எண்டுதான் நானும் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான்" என்றார்.

ஜெனீற்றா மேசையில் குனிந்தாள். சின்னக் கதவு இரண்டையும் எடுத்து, விளிம்பில் பசை தொட்டு, வாசலில் சேர்த்து நிறுத்தினாள். அன்னங்கள் ஒன்றையொன்று பார்த்தன. அரிசிமணி அளவு பித்தளைக் கம்பியை வளைத்து நடுவில் பூட்டாய் ஒட்டினாள். ஓடு இல்லாத, யன்னல் இல்லாத வீட்டில் கதவு மட்டும் பூட்டிக் கிடந்தது.

தேனுஜன் கிட்ட வந்து பார்த்தார். விளையாட்டுக்காரனின் கவலை திரும்பியிருந்தது.

"சரி தங்கச்சி. ஆனால் என்ர சிப்பாயள் இனி எதால உள்ள போறது?"

"யன்னலாலதான் அண்ணை" என்றாள் ஜெனீற்றா. "எங்கட மாமா அப்பிடித்தான் போனவர்."